ஓடாத காரின் நேர்மை: அடிபட்ட டர்போ கார் வாங்கத் தக்கதா?

பழைய இயந்திரத்தை விலைபேசி வாங்குவது பாலாற்றங்கரைக்குப் புதிதல்ல. இத்தாலியத் தோல் ஆலைகளில் உழைத்து ஓய்ந்த ஷேவிங் மெஷினும் ஃபிளெஷிங் மெஷினும் கப்பலேறி வந்து ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் இன்னொரு ஆயுள் காண்பது இங்கே வாடிக்கை. அப்படி வாங்குகிறவர் பெயின்டைப் பார்ப்பதில்லை. ரோலர் தேய்ந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா, உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்பார். அதே மனிதர் மகனுக்காகப் பழைய டர்போ கார் பார்க்கப் போனால் மட்டும் அலாய் வீல், சன்ரூஃப், சைலன்சர் சத்தம் என்ற மூன்றோடு விசாரணையை முடித்துக்கொள்கிறார்.

இன்ஜினில் அடிபட்டு விலைக்கு வரும் டர்போ கார் வாங்கத் தக்கதுதானா என்பது இந்த வட்டாரத்தில் அடிக்கடி எழும் கேள்வி. என் பதில் சற்றுத் தலைகீழாகத் தெரியலாம். இன்ஜின் செத்து, டோ வண்டியில் ஏறி வரும் காரைக் கணக்குப் போட்டு வாங்கலாம். "சின்ன வேலைதான் சார், ஓட்டிக்கிட்டே போயிடலாம்" என்று சாவி நீட்டப்படும் காரிடம்தான் பயப்பட வேண்டும்.

முதலில், எந்தக் கார்கள்? 2004இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 150 குதிரைத்திறன் கொண்ட 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினோடு வந்தது. அந்தக் காலத்தில் அது பணக்காரர் வீட்டு விசித்திரம். பிறகு 2010இல் ஃபியட் லினியா டி-ஜெட், 2013இல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, அதே ஆண்டு ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஈகோபூஸ்ட், 2015இல் 145 குதிரைத்திறன் அபார்த் புன்டோ, 2017இல் பலேனோ ஆர்எஸ், 230 குதிரைத்திறனோடு புதிய ஆக்டேவியா ஆர்எஸ் என்று வரிசை நீண்டது. 2016இல் வந்த போலோ ஜிடிஐக்கு இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டவை 99 கார்கள்தான். விலை 26 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த வரிசையில் தமிழ்நாட்டுப் பங்கும் உண்டு. ஈகோஸ்போர்ட் மறைமலைநகரில் உருவானது. 2018இல் வந்த டியாகோ ஜேடிபி, கோவை ஜேயெம் நிறுவனமும் டாடாவும் கூட்டாக உருவாக்கியது. 2021இன் ஐ20 என் லைன் இருங்காட்டுக்கோட்டைக் கார்.

இந்தப் பட்டியலில் பாதிக்கு இன்று தாய் வீடு இல்லை. ஃபியட் 2019இல் இங்கே கார் விற்பதை நிறுத்தியது. ஜேடிபி கூட்டு 2020இல் முடிந்தது. ஃபோர்டு 2021இல் வெளியேற்றத்தை அறிவித்தது. போலோ 2022இல் நின்றது. விலை மலிவதற்கு இதுவும் காரணம். பழுது பார்க்கத் திணறுவதற்கும் இதுவேதான் காரணம்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே நெடுஞ்சாலை மேலேயே ஊர்கள் இருப்பதால் இரண்டு பக்கத்துக் கார்களும் இங்கே வந்து சேர்கின்றன. டிஎன் 23, 73, 83 எண்களுக்கு நடுவே கேஏ எண்கள் சாதாரணமாகக் கண்ணில் படும். டெல்லியில் டீசலுக்குப் பத்து ஆண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்து ஆண்டு என்ற வரம்பு வந்த பிறகு அங்கிருந்தும் ஜெர்மன் டீசல் செடான்கள் தெற்கே இறங்கின. டீசல் கார் எல்லாமே ஏறக்குறைய டர்போதான், அதன் நோய்கள் வேறு. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்: 2007 முதல் 2011 வரையிலான பிஎம்டபிள்யூ என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் கிலுகிலுக்கும் 320டி மலிவாகக் கிடைத்தால், அதை மாற்ற இன்ஜினையே இறக்க நேரிடும் என்பதும் அந்த விலைக்குள் அடங்கியிருக்கிறது.

டர்போ இந்த மண்ணுக்கு அந்நியப் பொருளும் அல்ல. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற எண்ணம் இன்று சோளிங்கர் பக்கம் புலிவலத்தில் டர்போ எனர்ஜி ஆலையில் டர்போவாகிப் பெட்டியிலிடப்படுகிறது. வீணாக வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றுவது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிப்பது, வேலை அவ்வளவுதான். ஆனால் சின்ன டர்போ ஒன்றின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். பெட்ரோல் காரில் அதன் ஒரு பக்கம் 900 டிகிரிக்கு மேல் கொதிக்கும். பெரும்பாலானவற்றில் அந்தத் தண்டு நிற்பது மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மட்டுமே. ஆகவே டர்போ காரின் ஆரோக்கியத்தை ஒரே கேள்வியில் கேட்கச் சொன்னால் "ஆயில் எப்போது, என்ன ஆயில், பில் எங்கே" என்றுதான் கேட்பேன்.

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களுக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூருக்கு அது தாராளம் என்பது என் எண்ணம். பாதி தூரத்திலேயே மாற்றிய பில்கள் இருந்தால் அந்த உரிமையாளர் காருக்கு உண்மையானவர். இன்னொரு பழக்கமும் உண்டு. சென்னையிலிருந்து மிதித்துக்கொண்டு வந்து, ஆம்பூரில் பிரியாணிக் கடை வாசலில் நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பி இறங்குவது. சிவக்கச் சூடான டர்போவுக்குள் ஓட்டமின்றி நின்றுபோன ஆயில் வெந்து கரியாகிறது. அந்தக் கரி ஆயில் வழியை அடைக்கிறது. புதிய கார்களில் இன்ஜின் நின்ற பிறகும் கூலன்டைச் சுற்றவிடும் மின்பம்ப் உண்டு. எல்லாக் கார்களிலும் இல்லை. பிரியாணிக்கு இரண்டு நிமிடம் காத்திருக்க முடியாதவர்களால் இந்தச் சாலையில் எத்தனை டர்போக்கள் போயினவோ!

இன்ஜின் சாகும் மற்ற வழிகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சொந்த நோய் உண்டு. ஸ்கோடா லாரா, சூப்பர்ப் கார்களில் வந்த 1.8 டிஎஸ்ஐ இன்ஜினின் இரண்டாம் தலைமுறை ஆயில் குடிப்பதற்குப் பேர்போனது. பிஸ்டனின் ஆயில் ரிங்குக்குப் பின்னால் இருக்கும் வடிகால் துளைகள் மிகச் சிறியவை. கரி படிந்து அடைபட்டால் ஆயில் மேலேறி எரிகிறது. அதே இன்ஜினின் டைமிங் செயின் டென்ஷனர் விட்டுக்கொடுத்தால் செயின் பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட்டில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தவறான ஆயில் ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துணுக்குகள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். அப்புறம் பேரிங் தட்ட ஆரம்பிக்கும்.

நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள சின்ன டர்போ இன்ஜின்களுக்குப் பொதுவான வியாதி வேறு. குறைந்த சுற்றில், உயர்ந்த கியரில் காலை அழுத்தினால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றி வெடிக்கலாம். ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடைந்துபோகும். இதைத் தடுப்பதையும் நோக்கமாகக் கொண்டு 2020இல் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் வந்தது. இதற்கு மேல் லேப்டாப்பைச் செருகி 'ஸ்டேஜ் ஒன்' ரீமேப் செய்து, சாதாரண பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருந்தால் பிஸ்டனுக்கு வேறு எதிரி தேவையில்லை. ரீமேப் செய்த கார் எல்லாமே கெட்டது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விற்பவர் இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் விட்டார் என்ற கேள்வி எழுகிறது, அவ்வளவே.

இங்கே மட்டும் ஒரு கூடுதல் நோய் இருக்கிறது: தண்ணீர். தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் உப்பேறிய கதை உச்ச நீதிமன்றம் வரை போனது. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்று 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வந்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்த போர் தண்ணீரைத்தான் ரேடியேட்டர் குறைந்தபோதெல்லாம் பக்கெட்டில் பிடித்து ஊற்றுகிறார்கள். குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். கடினநீர் உள்வழிகளில் சுண்ணாம்பாகப் படியும். பழைய அம்பாசடர் இரும்பு இன்ஜின் அதைப் பொறுத்துக்கொண்டது. அலுமினிய ஹெட்டும் பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் கூடும் வைத்த டர்போ இன்ஜின் பொறுக்காது. ஒருமுறை கொதித்தால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். எனவே குளிர்ந்த நிலையில் கூலன்ட் மூடியைத் திறந்து பார்ப்பது இந்த ஊரில் முதல் சோதனை. இளஞ்சிவப்போ ஊதாவோ இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் நிறம் இருந்தால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

வெள்ளத் தண்ணீர் இன்னொரு ரகம். 2015 டிசம்பரில் சென்னை, 2021 நவம்பரில் பாலாறு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மூழ்கிய கார்கள் ஏலத்துக்கு வந்து, சில மாதங்களில் மெருகேறிச் சந்தைக்குத் திரும்பின. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை முழு இழப்பாகக் கணக்கெழுதுகிறது. மிச்சமுள்ள கார் ஏலம் போகிறது. தண்ணீர் இழுத்த இன்ஜினில் நடப்பதைக் கவனியுங்கள். காற்றைப் போல் தண்ணீர் அமுங்காது. மேலேறும் பிஸ்டன் தடைபட, கனெக்டிங் ராடு வளைகிறது. நிறைய வளைந்தால் இன்ஜின் அங்கேயே நின்றுவிடும், அது நல்லது. மயிரிழை வளைந்தால்தான் வினை. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றி, ஸ்டார்ட் செய்தால் ஓடும். மாதக்கணக்கில்கூட ஓடும். ஒருநாள் பள்ளிகொண்டா டோல் தாண்டி மிதிக்கும்போது அந்த ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஓடாத காரை நான் உயர்த்திப் பேசுவது இதனால்தான். செத்த இன்ஜினைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் சிலிண்டர் சுவரும் பேரிங்கும் பிஸ்டன் தலையும் காரணத்தைச் சொல்லிவிடும். நஷ்டம் முழுவதும் மேசை மேல் இருக்கும், அதற்கேற்ப விலை பேசலாம். ஓடுகிற நோயாளிக் காரிலோ நஷ்டம் உங்கள் கைக்கு வந்த பிறகு நடக்கிறது. கீறல் விழுந்த தோலுக்குக் கனமாகப் பிக்மென்ட் அடித்து எம்பாஸ் குத்தி அனுப்புவதைப் போல, பானட்டுக்குள் ஸ்டீம் வாஷ் அடித்து, கனமான ஆயில் ஊற்றிப் புகையையும் தட்டலையும் ஒரு வாரத்துக்கு அடக்கிவைக்க முடியும்.

புரோக்கர் மொழிக்கும் அகராதி தேவைப்படுகிறது. "சென்சார் கம்ப்ளெயின்ட் சார்" என்றால் எரர் கோடை அழித்திருக்கிறார்கள், மறுபடி வரும். "ஆயில் கொஞ்சம் டாப்-அப் பண்ணணும்" என்றால் ரிங் போய்விட்டது. "ஹெட் வேலை மட்டும்தான்" என்றால் கீழே யாரும் திறந்து பார்க்கவில்லை. "ஃபுல் இன்ஜின் செஞ்சாச்சு, பில்லுதான் இல்லை" என்பதற்கு நான் கொடுக்கும் மதிப்பு, செய்யாத இன்ஜினுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

சோதனைகள் ஒன்றும் மந்திரமல்ல. நீங்கள் போகும் நேரத்தில் இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்கேனரில் கோடு இல்லை என்பதோடு நிற்காமல், காரின் சுயசோதனைகள் முடிந்த நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் முடியாத நிலையில் இருந்தால் அண்மையில்தான் அழித்திருக்கிறார்கள். எல்லாச் சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதோடு லீக்-டவுன் சோதனை. ஒன்று மட்டும் தனித்துக் குறைந்தால் உடைந்த ரிங் பள்ளமோ வளைந்த ராடோ எரிந்த வால்வோ உள்ளே இருக்கிறது. பிளக் துளை வழியே சின்னக் கேமராவை விட்டுச் சுவரைப் பார்க்கலாம். ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்தால் மினுக்கும் உலோகத்தூள் எல்லாவற்றையும் சொல்லும். இதற்கெல்லாம் சம்மதிக்காத விற்பனையாளரிடம் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை, அவர் பதில் சொல்லிவிட்டார். இன்ஜின் கவலையில் கியர்பாக்ஸை மறந்துவிடக் கூடாது. ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் மெக்கட்ரானிக் எனும் கட்டுப்பாட்டுப் பகுதியின் பழுது தனிச் செலவு. 2013இல் ஃபோக்ஸ்வேகன் அந்தக் கியர்பாக்ஸுக்காக உலகெங்கும் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

வாங்கியாயிற்று, இன்ஜினை இறக்கியாயிற்று. யார் செய்வது? நெடுஞ்சாலை ஓரத்து லேத்துகளில் லேலண்டு லாரி இன்ஜினை ரீபோர் செய்து ஸ்லீவ் போடும் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் லாரி இன்ஜின் மன்னிக்கும் இடைவெளியைச் சின்ன டர்போ மன்னிக்காது. இரும்பு பிளாக் கொண்ட 1.8 டிஎஸ்ஐயையும் ஃபியட் 1.4 டி-ஜெட்டையும் அளந்து ரீபோர் செய்யலாம். பிஎம்டபிள்யூ பி48 போன்றவற்றில் அலுமினியச் சுவரின் மேல் உருக்கித் தெளித்த மெல்லிய இரும்புப் பூச்சுதான் சிலிண்டர். அதைச் சாதாரண லேத்தில் கடைந்தால் பூச்சே போய்விடும். ஹெட் போல்ட்டும் ராடு போல்ட்டும் பல இன்ஜின்களில் ஒருமுறை இழுத்தால் நீளும் வகை; பழையதையே முறுக்கி மிச்சம் பிடிப்பவர் அடுத்த பழுதுக்கு விதை போடுகிறார்.

இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. டர்போ சிதறியபோது அதன் அலுமினியத் துணுக்குகள் இன்டர்கூலருக்குள் போய்ப் பதுங்கியிருக்கும். பேரிங் தேய்ந்த தூள் ஆயில் கூலருக்குள் இருக்கும். இன்ஜினை முழுக்கச் செய்துவிட்டு இந்த இரண்டையும் பழையபடி மாட்டினால், புதிய இன்ஜின் பழைய குப்பையை விழுங்கும். "செய்து மூவாயிரம் கிலோமீட்டரில் மறுபடி போச்சு, கார் ராசியில்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் கழுவாத ஒரு இன்டர்கூலர் இருக்கும்.

செய்வதற்குப் பதிலாக வேறு இன்ஜினே போட்டுவிடலாம் என்பவர்கள் சென்னை புதுப்பேட்டைக்கோ பெங்களூரு சிவாஜிநகருக்கோ போகிறார்கள். கொழும்புத் தமிழருக்கு இது எளிது. ஜப்பானில் கழித்த கார்களை 'ரீகண்டிஷன்' என்று வாங்கிப் பழகிய நாடு இலங்கை. பஞ்சிகாவத்தையில் ஜப்பானிய இன்ஜின் தேடுவது அங்கே அன்றாடம். இந்தியாவில் பழைய கார் இறக்குமதிக்கு மூன்று வயது வரம்பும் பெரும் வரியும் இருப்பதால் அந்த ஊற்று இல்லை. இங்கே கிடைப்பது பெரும்பாலும் விபத்துக் காரிலிருந்து கழற்றியது. அதன் எண் யாருடையது, அந்தக் கார் களவுபோனதா, முறையாகப் பதிவு நீக்கப்பட்டதா என்று பில்லோடு தெரியாவிட்டால் மலிவு இன்ஜின் வழக்காக மாறும். மாற்றிய இன்ஜினின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது. அதே மாடல் இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு போடுவது ஒன்று, போலோவுக்குள் பெரிய இன்ஜினைத் திணிப்பது வேறு.

காகித வேலையில் இன்னும் இரண்டு செய்திகள். கேஏ எண் காருக்கு என்ஓசியும், தமிழ்நாட்டில் மறுபடி ஆயுள் வரியும் உண்டு. விலை பேசும்போது அதைச் சேர்க்காதவர்கள் பிறகு அந்தக் காரைக் கேஏ எண்ணிலேயே வருடக்கணக்கில் ஓட்டி, ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் விளக்கம் சொல்கிறார்கள். பெயர் மாற்றம் விற்றவருக்கும் முக்கியம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓடாத கார்தானே என்று படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, ஓட ஆரம்பித்த பிறகு சம்மன் வாங்கக் கூடாது. பழுதைத் தெரிந்தே வாங்குவதால், என்ன பழுது, விற்பவர் என்ன சொன்னார் என்பதை விற்பனைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். தனியாரிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையத்தில் நிற்க இடம் குறைவு, எழுத்துதான் துணை. சாதாரண காப்பீடு இயந்திரப் பழுதைத் தாங்காது. தண்ணீர் இழுத்த இன்ஜினுக்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை எடுக்க வேண்டும், பழைய காருக்கு அதைக் கொடுக்கக் கம்பெனிகள் தயங்கும்.

கணக்குக்கு வருவோம். அதே மாடல், அதே வருடம், நல்ல நிலையில் உள்ள கார் என்ன விலை போகிறது என்று பாருங்கள். அதிலிருந்து முழு இன்ஜின் வேலை, டர்போ, இன்டர்கூலர், ஆயில் கூலர் செலவைக் கழியுங்கள். மெக்கானிக் சொன்ன தொகையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டியே கழியுங்கள். பாகங்கள் வரும் வரை கார் ஷெட்டில் தூங்கும் மாதங்களுக்கும் ஒரு விலை உண்டு. மிச்சம்தான் நீங்கள் கொடுக்கக்கூடிய விலை; அது நல்ல காரின் விலையில் பாதிக்கு மேல் வந்தால் கணக்கில் எங்கோ ஆசை புகுந்திருக்கிறது. ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடிஐ போன்ற அரிய கார்களுக்கு இந்தக் கணக்கு நிற்கும். சரியாகச் செய்த காருக்கு ஆள் தேடி வருவார்கள். சாதாரண டர்போ ஹேட்ச்பேக்குக்குப் பெரும்பாலும் நிற்காது, அதே காசுக்கு ஆரோக்கியமான கார் வேறெங்கோ கிடைக்கும். வீட்டில் இருக்கும் ஒரே கார் இதுவாக இருக்கப் போகிறது என்றால் எந்த மாடலாக இருந்தாலும் வேண்டாம்.

செய்து முடித்த காரை வைத்துக்கொள்வது அத்தனை கடினமில்லை. முதல் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றுங்கள், பிறகு ஐயாயிரம், ஏழாயிரம் என்று. கிடைக்கும் பங்க்கில் 95 ஆக்டேன் போடுங்கள். இருபது சத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதால் பழைய எரிபொருள் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் இன்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. கூலன்ட்டுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர். டிக்கியில் ஒரு கேன் எப்போதும் இருக்கட்டும். பில்களை ஃபைலில் போட்டு, திறந்தபோது எடுத்த படங்களையும் லேத்தில் எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். விற்கும் நாளில் அந்த ஃபைலும், எண் மாறியிருந்தால் ஆர்.சி.யில் அதன் பதிவும் இருந்தால் விலை பேசலாம். இல்லையென்றால் வருகிறவர் கம்ப்ரஷன் கேஜோடு வந்து, நீங்கள் அந்தச் செத்த காருக்குக் கொடுத்த விலையைத்தான் கேட்பார்.